டிக்கியில் இருக்கிற பேப்பர்: ஈ.வி. தீப்பிடிச்சா காசு எங்கிருந்து வரும்?

(பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும்போது சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கு.)

பேட்டரி வாரண்டி பற்றின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். ‘எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சா இன்சூரன்ஸ் வருமா, வராதா?’ வரும்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்பாவோட வண்டி டிக்கியைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்துப் படிச்சேன். அப்புறம்தான் இதை ஒரு முழு எபிசோடா பண்ணணும்னு தோணுச்சு.

எங்க வீடு பாகூர் பக்கம். அப்பா 2023 ஆகஸ்ட்ல ஸ்கூட்டர் எடுத்தார். தினமும் கன்னியக்கோயில் வரைக்கும் போய் வருவார், அவ்வளவுதான் ஓட்டம். ராத்திரி திண்ணையை ஒட்டின சார்ப்புல நிறுத்தி, ஜன்னல் வழியா ஒயர் விட்டு சார்ஜ் போடுவார். சார்ப்புக்கு மேல கீத்து. நாலடி தள்ளி வைக்கோல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆயா படுக்கிற கட்டில்.

‘அப்பா, இன்சூரன்ஸ் இருக்கா?’ன்னு கேட்டேன்.

‘அஞ்சு வருஷத்துக்குப் போட்டுட்டாங்கம்மா. 2028 வரைக்கும் கவலையே இல்ல’ன்னார்.

அந்தப் பேப்பர்ல ரெண்டு தேதி இருந்துச்சு. ஒரு இடத்துல 2028. இன்னொரு இடத்துல 2024. அப்பா படிச்சது முதல் தேதியை மட்டும்.

இது அப்பாவுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்ல. 2018 செப்டம்பர் 1க்கு அப்புறம் புதுசா வாங்கின எந்த டூ வீலருக்கும், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி, 5 வருஷத்துக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்கணும். காருக்கு 3 வருஷம். தேர்ட் பார்ட்டின்னா உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஏற்படுற சேதத்துக்கு மட்டும். உங்க சொந்த வண்டிக்கு ஏற்படுற சேதத்துக்குப் பெயர் ஓன் டேமேஜ். நம்ம ஊர்ல இதை ‘ஃபுல் இன்சூரன்ஸ்’னு சொல்வோம். ஷோரூம்ல பெரும்பாலும் இது முதல் ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் சேர்ந்து வரும். அதுக்கப்புறம் நாமளே வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஓன் டேமேஜை மட்டும் தனியா வாங்குற வசதி 2019 செப்டம்பர்லேருந்து இருக்கு.

போலீஸ் பிடிச்சா அந்த 2028 தேதி போதும். ஃபைன் கிடையாது. அதனால யாருக்கும் சந்தேகமே வர்றதில்ல. வண்டி எரிஞ்சாத்தான் அடுத்த தேதி கண்ணுல படும்.

சரி, ஓன் டேமேஜ் உயிரோட இருக்குன்னு வெச்சுப்போம். தீக்குக் காசு வருமா? இந்தியாவில வழக்கமா விக்கிற மோட்டார் பேக்கேஜ் பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் பகுதியைப் படிச்சீங்கன்னா, எதுக்கெல்லாம் காசு தருவோம்னு ஒரு பட்டியல் இருக்கும். திருட்டு, வெள்ளம், புயல், கலவரம் எல்லாம் அப்புறம். முதல் வரியே தீ, வெடிப்பு, தானாகவே தீப்பற்றுதல், மின்னல். ‘தானாகவே தீப்பற்றுதல்’ங்கிற வார்த்தையை ஈ.வி.க்காக யாரும் சேர்க்கல. நம்ம ரோட்டுல லித்தியம் பேட்டரி வர்றதுக்கு முன்னாடியே, பெட்ரோல் வண்டி காலத்துலேருந்து இருக்கு. அதனால ‘ஈ.வி.க்கு ஃபயர் கவர் கிடையாது’ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஈ.வி.ங்கிற ஒரே காரணத்துக்காகத் தீயை விலக்குற வரி அந்த வழக்கமான வாசகத்துல இல்ல.

சிக்கல் அதே பக்கத்துல கொஞ்சம் கீழே இருக்கு. எதுக்குக் காசு தரமாட்டோம்ங்கிற பட்டியல்ல தேய்மானம், மெக்கானிக்கல் பழுது, எலெக்ட்ரிக்கல் பழுதுன்னு போட்டிருக்கும். பேட்டரி ஒரு நாள் சத்தமில்லாம செத்துப்போனா அது எலெக்ட்ரிக்கல் பழுது. இன்சூரன்ஸ் வராது, வாரண்டி கதவைத் தட்டணும். அதே பேட்டரி உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகித் தீ எழும்பினா அது தீ. இன்சூரன்ஸ் வரும். இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டம் இருக்கு. பேட்டரி சூடாகி, உருகி, புகை வந்து, தீ எழும்பாமலே அடங்கிடும். சண்டை வர்றது அங்கதான். ‘தீயே இல்லையே, இது பழுது’ன்னு சர்வேயர் எழுதிட முடியும். ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தண்ணி இறங்குறதுக்கும் சேர்த்துப் பேட்டரி பாதுகாப்புன்னு சில கம்பெனிகள் தனியா ஒரு கூடுதல் கவர் விக்கிறது இந்த இடைவெளிக்காகத்தான். அதை எடுக்கிறதும் எடுக்காததும் உங்க விருப்பம். எடுத்தா, அதோட விலக்குப் பட்டியலையும் ஒரு தடவை படிச்சிடுங்க.

அடுத்து, எவ்வளவு வரும். பாலிசியில ஐடிவின்னு ஒரு எண் இருக்கும், வண்டியோட அறிவிக்கப்பட்ட மதிப்பு. ஒரு வருஷம் தாண்டி ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டிக்கு விலையில 20 சதவீதம் கழிப்பாங்க, மூணாவது வருஷத்துல 30 சதவீதம். 1,20,000 ரூபாய் வண்டின்னு வெச்சுக்கிட்டா ரெண்டாவது வருஷத்துல ஐடிவி 96,000. ரிப்பேர் செலவு இதுல 75 சதவீதத்தை, அதாவது 72,000த்தைத் தாண்டினா முழுச் சேதம்னு எடுத்துக்கிட்டு ஐடிவியைத் தருவாங்க.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. வண்டி முழுசா எரிஞ்சா கணக்கு சுலபம். பாதி எரிஞ்சாத்தான் நஷ்டம். ஏன்னா ரிப்பேர்ல பாகத்துக்குப் பாகம் தேய்மானம் கழிப்பாங்க. வழக்கமான விதிப்படி பேட்டரிக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம். ஈ.வி.யில இருக்கிறதே பேட்டரியும் பிளாஸ்டிக்கும்தானே! ‘பம்பர் டு பம்பர்’னு ஷோரூம்ல சொல்ற ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் காருக்குத் தேவையான்னு வாதாடலாம். ஈ.வி.க்கு, அது பேட்டரியையும் சேர்த்துக்குதுன்னா, எடுங்கன்னுதான் நான் சொல்வேன். இன்னொண்ணு, வண்டி லோன்ல இருந்தா அந்தக் காசு முதல்ல பைனான்ஸ் கம்பெனிக்குப் போகும். மிச்சம்தான் உங்களுக்கு.

இப்போ வில்லியனூர் போவோம். அங்க என் அத்தை ஒரு சின்ன ஸ்கூட்டர் வெச்சிருக்காங்க. நம்பர் பிளேட் கிடையாது. திருக்காமீஸ்வரர் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் அதுலதான் போவாங்க. ‘இதுக்கு லைசென்ஸும் வேண்டாம் இன்சூரன்ஸும் வேண்டாம் கண்ணு’ன்னு பெருமையா சொல்வாங்க. சட்டப்படி சரிதான். மோட்டாரோட சக்தி 250 வாட்டுக்குள்ள, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ள, எடை பேட்டரி இல்லாம 60 கிலோவுக்குள்ள இருந்தா மத்திய மோட்டார் வாகன விதிகள்ல அது மோட்டார் வாகனமே இல்ல. இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல, அதனால எடுக்கணும்னு யாருக்கும் தோணுறதும் இல்ல. ஆனா அதுக்குள்ள இருக்கிறதும் பேட்டரிதான். விதி வேகத்தைப் பார்த்து விலக்கு தருது. தீ வேகம் பார்த்து வர்றதில்ல.

இந்த வகை வண்டியில வயரை மாத்திப் போட்டு 40, 45ல ஓட வைக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு. அப்படிப் பண்ணின நிமிஷமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம் ஆயிடுது. பதிவு இல்லாத வண்டியை கோர்ட் எப்படிப் பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னா 2021ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன சுஷீல் குமார் கோதாரா வழக்கு போதும். ஒருத்தர் புது பொலேரோ வாங்குறார். தற்காலிகப் பதிவு முடிஞ்சு போச்சு, நிரந்தரப் பதிவு பண்ணல. ஜோத்பூருக்கு எடுத்துட்டுப் போன இடத்துல வண்டி திருடு போகுது. பாலிசி அமலில்தான் இருந்துச்சு. ஆனாலும் செல்லுபடியாகிற பதிவு இல்லாம வண்டியைப் பொது இடத்துல ஓட்டினதே பாலிசியோட அடிப்படை மீறல்னு சொல்லி கிளெய்ம் இல்லைன்னு முடிச்சுட்டாங்க. அங்க திருட்டு, உங்களுக்குத் தீ. ‘ஆர்.சி. அப்புறம் வாங்கிக்கலாம்’னு ஷோரூம்ல சொன்னா அந்த ‘அப்புறம்’ எத்தனை நாள்னு கேளுங்க.

தெரிஞ்சே வைக்கிற தீ பற்றி ஒரு வரி. 2022 ஏப்ரல்ல ஆம்பூர் பக்கம் ஒருத்தர் ரேஞ்ச் வரலங்கிற கோபத்துல தன்னோட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மேல பெட்ரோல் ஊத்திக் கொளுத்தினார். வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுக்கு எந்த பாலிசியிலயும் காசு கிடையாது. தானே வெச்ச தீ விபத்து ஆகாது.

அதே வருஷம் மார்ச் கடைசி வாரத்துல வேலூர்ல நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். புதுசா வாங்கின ஸ்கூட்டரை ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டுட்டுப் படுத்திருக்காங்க. தீ பிடிச்சு, புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் 13 வயசுப் பொண்ணும் இறந்துட்டாங்க. மூணு நாள்ல சென்னை மாதவரம் பக்கமும் ஒரு ஸ்கூட்டர் எரிஞ்சுது. அந்தக் கோடையில நாடு முழுக்க நடந்த தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதியான ஏ.ஐ.எஸ். 156ஐ இறுக்கி, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா கொண்டு வந்தாங்க.

வேலூர் செய்தியை இன்சூரன்ஸ் கண்ணால பாருங்க. இது எந்தக் குடும்பத்துக்கும் நடக்கலாம்ங்கிறதால சொல்றேன். வண்டிக்கு ஓன் டேமேஜ் இருந்தா வண்டிக் காசு வரும். உயிருக்கு? வண்டி பாலிசியோட சேர்த்து 15 லட்சத்துக்கு ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடுன்னு ஒண்ணு எடுத்திருப்போம். அதோட வாசகம் வண்டியோட நேரடித் தொடர்புல, அல்லது ஏறும்போது, இறங்கும்போது ஏற்படுற விபத்துன்னு போகும். தூங்கிட்டிருந்தப்போ வந்த புகை ‘நேரடித் தொடர்பா’ன்னு வாதாட இடம் இருக்கு. ஆனா வாதாடித்தான் வாங்கணும். அதுவும் ஓனருக்கு மட்டும். பிள்ளைக்கு அதுல எதுவும் கிடையாது.

பிள்ளையைத் தேர்ட் பார்ட்டின்னு சொல்லலாமே? கேள்வி நியாயம்தான். தேர்ட் பார்ட்டி பொறுப்பு வர்றதுக்கு ‘வண்டியின் பயன்பாட்டால்’ விபத்து நடந்திருக்கணும். நிறுத்தி வெச்ச வண்டி பயன்பாட்டுல இருக்கா? இதுக்கு 1991ல சுப்ரீம் கோர்ட் சொன்ன சிவாஜி தயானு பாட்டீல் வழக்கு இருக்கு. 1987ல மகாராஷ்டிராவில ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி மோதிக் கவிழ்ந்து கிடக்கு. கசியுற பெட்ரோலைப் பிடிக்க ஊர் ஜனம் கூடுது. சில மணி நேரம் கழிச்சு தீப்பிடிச்சுப் பல பேர் சாகுறாங்க. லாரி ஓடவே இல்லையேன்னு இன்சூரன்ஸ் தரப்பு சொன்னதைக் கோர்ட் ஏத்துக்கல. அசையாம கிடக்கிற வண்டியும் பயன்பாட்டுக்குள்ள வரும்னு அந்த வார்த்தைக்கு விரிவான பொருள் கொடுத்தாங்க. வீட்டுல சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கிற வண்டிக்கு இது உதவுற வாதம். ஆனா அந்த லாரி கிடந்தது நெடுஞ்சாலையில. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குற காப்பீடு ‘பொது இடத்தில்’ நடக்கிறதுக்கு. உங்க கூடம் பொது இடம் இல்ல.

வீட்டுக்கு? வண்டி பாலிசியில வீட்டுக்குப் பத்து பைசா கிடையாது. பக்கத்து வீட்டுச் சேதத்துக்குத் தேர்ட் பார்ட்டி பொருள் சேதம்னு டூ வீலருக்கு வழக்கமான வரம்பு 1 லட்சம் ரூபாய். உங்க சொந்தப் பொருளை அந்த வாசகமே விலக்கி வைக்குது. வீட்டுக்குன்னு தனியா பாலிசி வேணும். 2021 ஏப்ரல்லேருந்து எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ன்னு ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விக்கணும். தீ அதுல முதல் வரி. வீட்டுச் சாமான்களுக்கும் கட்டட மதிப்புல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானாகவே சேர்ந்து வரும். ஆனா அந்த பாலிசி வண்டியைச் சேர்த்துக்காது. வண்டிக்கு ஒரு பேப்பர், வீட்டுக்கு ஒரு பேப்பர். எடுக்கும்போது சுவரும் கூரையும் எதுல கட்டினதுன்னு கேட்பாங்க. கீத்துச் சார்ப்பு இருந்தா மறைக்காதீங்க. மறைச்ச விஷயம்தான் பின்னாடி கிளெய்மை மறுக்கக் காரணமாகும்.

உயிருக்கு ரொம்பச் சின்ன ஒரு வழி, பேங்க் கணக்குல வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமா. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 18லேருந்து 70 வயசு வரைக்கும்தான். அந்த வேலூர்ப் பிள்ளை வயசுல இருக்கிறவங்களுக்கு அதுவும் இல்ல.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் சொல்லணும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில ஒரே நாள்ல கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டுச்சு. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில வந்த தண்ணி பாகூர் பக்கக் கிராமங்களுக்குள்ள புகுந்துச்சு. வெள்ளமும் ஓன் டேமேஜ் பட்டியல்ல இருக்கிற விஷயம்தான். ஆனா நனைஞ்ச வண்டியை ‘காய்ஞ்சிருக்கும்’னு எடுத்து சார்ஜ் போட்டு, அப்போ தீப்பிடிச்சா? சேதமான வண்டியை ரிப்பேர் பண்ணாம ஓட்டி அதனால கூடுதல் சேதம் ஆனா அது உங்க தலைமேலன்னு பாலிசி நிபந்தனையில இருக்கு. சார்ஜ் போடுறதுன்னு அதுல எழுதல, ஆனா அந்த வரியைத்தான் நீட்டுவாங்க. தண்ணியில மூழ்கின ஈ.வி.யை சர்வீஸ் சென்டர் பார்த்து எழுதித் தர்ற வரைக்கும் பிளக் கிட்டவே கொண்டு போகாதீங்க. எங்கப்பா அந்தத் தண்ணி வந்த ராத்திரி வண்டியைத் திண்ணை மேல ஏத்திட்டார். அப்போ அவருக்கு ஓன் டேமேஜ் முடிஞ்சு மூணு மாசம் தாண்டியிருந்துச்சு. அவருக்குத் தெரியாது.

ஒருவேளை எரிஞ்சுட்டா என்ன பண்றது? ஆளுங்க வெளிய வரட்டும், அதுதான் முதல் வேலை. லித்தியம் பேட்டரி அடங்கின மாதிரி இருந்து திரும்பப் பத்தும், அதனால கிட்ட போகாதீங்க. தீயணைப்புத் துறைக்குக் கட்டாயம் தகவல் சொல்லுங்க, நீங்களே அணைச்சிருந்தாலும். அவங்க தர்ற அறிக்கைதான் பின்னாடி உங்க சாட்சி. காவல் நிலையத்துல எழுதிக் கொடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்னைக்கே சொல்லுங்க. சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி இடத்தைக் கழுவிச் சுத்தம் பண்ற பழக்கம் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு உண்டு, அதைத் தடுத்துடுங்க. பிளக், ஒயர், சார்ஜர் எரிஞ்ச துண்டு உட்பட எல்லாம் அப்படியே இருக்கட்டும். எந்தப் பக்கத்துலேருந்து தீ ஆரம்பிச்சதுங்கிறதுக்கு அதுதான் ஆதாரம். கம்பெனி சார்ஜரை விட்டுட்டு வேற சார்ஜர் போட்டிருந்தா சர்வேயர் முதல்ல கேட்கப் போறதும் அதைத்தான். தயாரிப்புக் கம்பெனி ஆள் வந்து பேட்டரியை ‘டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போறோம்’னு சொன்னா, சர்வேயர் பார்த்து போட்டோ எடுத்தப்புறம், கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கொடுங்க.

பேப்பர் இல்லைங்கிற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை மறுக்கக்கூடாதுன்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ல சொல்லியிருக்கு. ஆர்.சி. புக்கே வண்டியோட எரிஞ்சு போச்சுன்னா பயப்பட வேண்டாம். மறுத்தா முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதணும். ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். நமக்கு அந்த ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டையில இருக்கு. காரைக்காலுக்கும் அதுதான். மாஹேக்காரங்க கொச்சிக்கும், ஏனாம்காரங்க ஹைதராபாத்துக்கும் போகணும். ஒரே யூனியன் பிரதேசத்துக்கு மூணு ஊர்! ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனா கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். வண்டியிலேயே கோளாறுன்னா தயாரிப்பாளர் மேல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். அதுக்கு ரெண்டு வருஷம் டைம். வண்டி எங்க வாங்கியிருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊருக்கான நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். வேலூர் மாதிரி ஒரு விபத்துல, வண்டி பாலிசி தொடாத உயிருக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கேட்க இருக்கிற பெரிய வாசல் அதுதான்.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். ஓன் டேமேஜ் விட்டுப்போனா சும்மா ஆன்லைன்ல காசு கட்டிப் புதுப்பிக்க முடியாது, வண்டியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க. 90 நாள் தாண்டினதால நோ கிளெய்ம் போனஸும் போச்சு. அப்பா அந்த வீடியோவுக்காக வண்டியைத் தேய்ச்சுக் கழுவி, கண்ணாடியில குங்குமம் வெச்சு நிறுத்தினார். ‘மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?’ன்னு ஆயா கேட்டாங்க. (சிரிப்பு)

பிளக் பாயிண்டை வீட்டுக்கு வெளிய, முன்பக்கச் சுவர்ல தனி ஒயரும் எர்த்தும் இழுத்து மாத்தியாச்சு. வைக்கோல் கொல்லைப்பக்கம் போயிடுச்சு. அத்தைகிட்ட ராத்திரி கூடத்துல சார்ஜ் போடாதீங்கன்னு சொன்னேன். ‘வெளிய விட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான் கண்ணு, அதுக்கு இன்சூரன்ஸும் இல்லைன்னு நீதானே சொன்ன’ன்னாங்க. அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. இப்போதைக்கு மத்தியானம், அவங்க முழிச்சிருக்கிற நேரத்துல, வாசல்ல போடுறதுன்னு பேசி வெச்சிருக்கோம்.